புழு சுற்றிப்போன இடம்

ஒட்டுக்காரியின் வலது கட்டைவிரல் இருபத்தொரு வருஷமாக வலித்துக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அந்த வலி நின்றுபோனது. அதை ஒரு புழு தின்றிருந்தது.

நின்றதை அவள் உடனே கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைத்துவிட்டு நிறுத்தினால் ஏதோ குறைகிறதே என்று தோன்றுமல்லவா, அப்படித்தான் தோன்றியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தடியில் தொடங்கி, விரலைச் சுற்றி, மணிக்கட்டு வரை ஒரு வெள்ளிக்கோடு போயிருந்தது. தொடங்கிய இடத்தில் நூல் அளவு, போகப் போக அகலம். கோட்டின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு. புழு போட்டுக்கொண்டே போன எச்சம். கோடு முடிகிற இடத்தில், தோலுக்கு அடியில், வெளிர்மஞ்சளாக ஒன்று நெளிந்தது. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. விரலை மடக்கினாள். பதினெட்டு வயதில் மடங்கிய மாதிரி மடங்கியது.

அது என்ன புழு என்று அந்த நாற்றுப்பண்ணையில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எலுமிச்சையும் ஆரஞ்சும் ஒட்டுக் கட்டி, கன்றுகளாக லாரியில் ஏற்றி அனுப்புகிற பண்ணை அது. தளிர் விட்டால் போதும், எங்கிருந்தோ அந்த அந்துப்பூச்சி வந்துவிடும். அரிசியில் பாதி இருக்கும். வெள்ளிப்பொடி பூசின மாதிரி இறகு, இறகின் நுனியில் பேனா முனையால் தொட்டு வைத்தது போல ஒரு கறுப்புப் புள்ளி. தளிரின் நடுநரம்பை ஒட்டி ஒரு முட்டை வைக்கும். பார்க்கிறவனுக்குத் தண்ணீர் தெறித்த மாதிரிதான் தெரியும். மூன்றாம் நாள் புழு பொரிந்து நேராக இலைக்குள் இறங்கும். இலைக்கு மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பச்சையைத் தின்றுகொண்டு படுத்தபடியே நகரும். மழை அதை நனைக்காது, மருந்து அதை எட்டாது. பத்துப் பன்னிரண்டு நாள் தின்று கொழுத்தபின் இலையின் ஓரத்துக்குப் போய், ஓரத்தை மடித்து, தன் வாயிலிருந்து வருகிற நூலால் தைத்து, அதற்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். ஒரு வாரம் கழித்து விடியும் நேரத்தில் பூச்சியாக வெளியே வரும். அது விட்டுப்போன இலை சுருண்டுவிடும். சுருண்ட கன்றை எவனும் வாங்கமாட்டான். ஆகவே கோடு கண்ட இலையைக் கிள்ளி எரித்துவிட வேண்டும் என்பது பண்ணையின் சட்டம்.

இலையை விட்டு ஆள்மேல் அது முட்டை வைத்ததற்குக் காரணம், ஒட்டுக்காரி வேலை செய்த விதம். காட்டு எலுமிச்சைக் கன்றின் தண்டில் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் குச்சியிலிருந்து சீவிய மொட்டுக்கண் ஒன்றை அதற்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். கண் காய்ந்தால் ஒட்டுப் பிடிக்காது. அதனால் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். மற்ற பெண்கள் துணியைத் தட்டில் வைத்தார்கள். இவள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். தட்டுக்குக் கை நீட்டுகிற நேரம் மிச்சமாகும் என்பது அவள் கணக்கு. இருபத்தொரு வருஷ ஈரமும் தளிர் வாசனையும் அந்தக் கையில் ஊறிப்போயிருந்தன. பூச்சி ஏமாந்துவிட்டது.

"நாப்பது வயசுல உன்னைத் தளிர்னு நெனச்சு முட்டை வெச்சிருக்கு பாரு அண்ணி," என்றாள் மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த நாத்தனார். "கண்ணு தெரியாத பூச்சி."

மேசை முழுக்கச் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தான். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கியதால் அவனுக்கு விசில் என்று பெயர். முதுகில் மருந்துத் தெளிப்பானோடு வந்தவன், ஒட்டுக்காரியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். சட்டம் அவனுக்கு மனப்பாடம். அந்தச் சட்டத்தில் இதற்கு இடமில்லை.

"இலையில இருந்தா கிள்ளிடலாம். உன்னை எங்க கிள்ளுறது?"

"கிள்ளித்தான் பாரேன்," என்றாள் நாத்தனார். "அப்புறம் உன் ஊதலை எங்க தேடணும்னு நாங்க சொல்றோம்."

அவன் கொஞ்சம் மருந்தைத் தரையில் தெளித்துவிட்டுப் போனான். ஏதோ செய்ததாக இருக்க வேண்டுமே.

நாத்தனாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒட்டுக்காரியின் புருஷனுக்கு அவள் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்தவளை ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை; பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். அவன் அந்தப் பண்ணையில் சுமைக்காரன். கன்று அடுக்கிய தட்டுகளைத் தோளில் வைத்து லாரியில் ஏற்றுகிற வேலை. புழு வருவதற்கு ஆறு வருஷம் முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம், கடைசித் தட்டை ஏற்றிவிட்டு வந்து தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அன்று காலை வீட்டில் அவனுக்கும் தங்கைக்கும் ஒழுகுகிற கூரைத் தகரத்தைப் பற்றிச் சின்னத் தகராறு. படி இறங்கும்போது அவன் "வரேன்" என்றான். அவள் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்தாள். அவன் செத்த பிறகு பண்ணையில் அவளுக்கும் வேலை கொடுத்தார்கள், அண்ணிக்கு எதிர் ஸ்டூலில். வீட்டிலும் இரண்டு பேர்தான், இரண்டு அறை, ஒரு அடுப்பு, ஒரே சோப்பு. சண்டை சச்சரவு கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை, அந்தத் தேதியில், மதியம் தண்ணீர் குடிக்க விடுகிற பத்து நிமிஷத்தில், நாத்தனார் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அண்ணி, அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலடி. விடு."

சொன்னான். கடைசித் தட்டுகளுக்கு முன்னால், துண்டால் மார்பைத் துடைத்தபடி மேசையருகே வந்து நின்று ஐந்து வார்த்தை சொன்னான்: "எடது பக்கம் பிடிக்குது, கொஞ்சம் உக்காரட்டா?" ஒட்டுக்காரியின் கையில் பாதி சுற்றிய நாடா இருந்தது. விட்டால் கண் கழன்றுவிடும். தலை நிமிராமல் அவளும் ஐந்து வார்த்தை சொன்னாள்: "லாரி நிக்குது, ஏத்திட்டு வந்து உக்காரு." நாலு தட்டு மிச்சம் இருந்தது. ஏற்றிவிட்டு வந்துதான் உட்கார்ந்தான். அந்த ஒட்டு நன்றாகப் பிடித்தது. இன்னேரம் எங்கோ ஒரு தோப்பில் காய்த்துக்கொண்டிருக்கும்.

இது நாத்தனாருக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது.

புழுவுக்கு வருவோம். மணிக்கட்டைத் தாண்டி முன்கையில் ஏறியது. இலைக்கு ஓரம் இருக்கிறது. ஆளுக்கு ஓரம் எங்கே இருக்கிறது? நாலு நாள் அது தேடியது. முழங்கை மடிப்பு வரை போய் அங்கே ஒரு வட்டம் அடித்தது, தோளுக்கு ஏறியது, பிடரியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தது. போகிற வழியில் இருந்த வலியை எல்லாம் தின்றது. குனிந்த கழுத்து வலி, தட்டு நகர்த்துகிற தோள் வலி, எல்லாம் போயிற்று. ஒட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றபோது, இத்தனை உயரமா நீ என்று பக்கத்து ஸ்டூல்காரி கேட்டாள். பன்னிரண்டாம் நாள் புழு காதைக் கண்டுபிடித்தது. காதுமடலின் ஓரத்தை அரை விரற்கடை மடித்து, நூலால் தைத்து, உள்ளே சுருண்டுகொண்டது. ஒரு வாரம் அவள் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவில்லை. எட்டாம் நாள் விடியும் நேரத்தில், அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்க, காதுமடல் தானாக விரிந்தது. பூச்சி வெளியே வந்து, அவள் தோளில் உட்கார்ந்து இறகை உலர்த்தியது. நாத்தனார் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். வெள்ளி இறகு, நுனியில் புள்ளி. எதையும் தின்னாமல் கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே ஆறு நாள் இருந்தது. ஏழாம் நாள் தரையில் கிடந்தது. அதற்குள் நாத்தனாரின் புறங்கையில் ஒன்றும், ஒட்டுக்காரியின் முழங்காலில் இரண்டுமாகத் தண்ணீர்த் துளி மாதிரி முட்டைகளை வைத்துவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாசம் திரும்புவதற்குள் மேசையில் இருந்த பதினாறு பெண்களுக்கும் கோடு விழுந்தது. அடுத்த மாசம் சுமைக்காரர்கள், தண்ணீர் பாய்ச்சுகிறவர், மண் சலிக்கிறவர்கள். ஆள்வலி கிடைத்தபின் பூச்சி இலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிழல்வலைக்கு அடியில் கன்றுகள் எல்லாம் அத்தனை சுத்தமாக, மினுமினு என்று நின்றன. கடைசியில் விசிலும் ஒரு நாள், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சட்டையைக் கழற்றிவிட்டுப் பூச்சி இருந்த தூணில் முதுகைச் சாய்த்து நின்றான். முட்டை பொரிந்தது. புழு இறங்கியது. இரண்டு விரற்கடை தூரம் போய்ப் பட்டினியால் செத்துப்போனது.

"ஒரு நாளாவது குனிஞ்சிருந்தா அதுவும் பொழச்சிருக்கும்," என்றாள் நாத்தனார். அந்த இரண்டு விரற்கடைக் கோட்டை மறைக்க அவன் கோடையிலும் பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தான்.

வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிற செடி ஆய்வாளர் வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாலு மணிநேரம் இலை இலையாகப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. பிறகுதான் மேசையைப் பார்த்தார். பதினாறு ஜோடிக் கைகள், எல்லாம் வெள்ளி. படிவத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இலை, தண்டு, வேர் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. மூன்றிலும் "பூச்சி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது குரலைத் தணித்து, மாடிப்படி ஏறினால் தன் முழங்கால் வலிப்பதாகவும், அதற்கு இது கேட்குமா என்றும் விசாரித்தார். ஆபீஸ் வலியைத் தின்று அதற்குப் பழக்கமில்லை, எடுத்துப்போய்ப் பார்க்கலாம் என்றார்கள். தீப்பெட்டியில் ஒரு பூச்சி எடுத்துப்போனார். என்ன ஆனது என்று கடைசிவரை சொல்லவில்லை.

வலி போனால் வேலை கூடும். ஒரு நாளைக்கு நானூறு ஒட்டுக் கட்டியவர்கள் ஐந்நூற்றைம்பது கட்டினார்கள். முதலாளி அதைப் பார்த்தார், மறு மாசத்திலிருந்து ஐந்நூற்றைம்பதே அளவு என்று எழுதி ஒட்டினார். அதற்கேற்ற புது வலி வந்தது. புழுவுக்கும் தீனி கூடியது. ஆண்டுகள் இப்படிப் போயின. இரண்டாம் வருஷம், சுமைக்காரர்களில் மூத்தவர் அறுபது தட்டை மூச்சு விடாமல் ஏற்றினார், கொஞ்சம்கூட வலியில்லை என்று சொல்லிக்கொண்டே. அறுபத்தோராவது தட்டில் அவர் முழங்கால் காய்ந்த குச்சி மாதிரி முறிந்தது. அப்போதும் வலிக்கவில்லை. விழுந்தபிறகுதான் முறிந்ததே தெரிந்தது. அன்றிலிருந்து சுமைக்காரர்கள் ஆளுக்கு ஒரு வலியைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ஒருவன் இடது முழங்காலில், ஒருவன் நடுமுதுகில், காலையில் வந்ததும் மண்ணெண்ணெய் தடவுவான். அந்த இடத்துக்குப் புழு வராது. அந்த வலி போதும் என்று சொல்லும்போது தட்டைக் கீழே வைப்பான்.

இதைக் கேட்டபோது ஒட்டுக்காரி நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் புழு இன்னும் ஆறு வருஷம் முந்தி வந்திருந்தால் உன் வீட்டுக்காரர் பிழைத்திருப்பார் என்று மேசையில் யாரோ ஆறுதலாகச் சொன்னார்கள். அவள் நாடாவை இன்னொரு சுற்று இறுக்கினாள். புழு தின்றிருந்தால் அவன் உட்காரட்டுமா என்று கேட்டிருக்கவே மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் உடம்பு சொல்லியிருந்தது. அவனும் கேட்டிருந்தான். யாரிடம் கேட்டான் என்பதுதான் விஷயம்.

மூன்றாம் வருஷத்தில் எல்லோர் கண்ணிலும் பட்ட இன்னொன்றைச் சொல்ல வேண்டும். புழு எல்லா வலியையும் தின்பதில்லை. சிலர் உடம்பில் ஏதோ ஒரு இடத்துக்கு நேராக வரும், கிட்டே வந்ததும் நிற்கும், பிறகு ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். அடுத்து வருகிற புழுவும் அப்படியே. இரண்டு மூன்று வருஷத்தில் சுற்றிலும் வெள்ளி ஏறி, நடுவில் அந்த இடம் மட்டும் தோல் நிறத்தில் தனியாக நிற்கும். மண் சலிக்கிறவனுக்குத் தொண்டைக்குழியில் நாணயம் அளவு. தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு உள்ளங்கையில். கொஞ்ச நாள் அதைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். பிறகு, ஒரு நாள் மண் சலிக்கிறவனிடம் யாரோ உரிமையோடு கேட்க, அவன் சல்லடையைப் போட்டுவிட்டு வேலிப்பக்கம் போய் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு பண்ணையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. சுற்றிப்போன இடத்தைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. யாரும் சொல்லி வைக்காத வழக்கம். ஆனாலும் எழுதி ஒட்டிய சட்டத்தைவிட நன்றாக நடந்தது.

அந்த வழக்கத்தை ஐந்தாம் வருஷம் நாத்தனார் உடைத்தாள்.

வேலை முடிந்ததும் பெண்கள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய மறைப்பில் கைகால் கழுவி, மண் போக உடம்பைத் தேய்த்துக்கொண்டு வண்டி ஏறுவார்கள். அன்று மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஒட்டுக்காரியின் முதுகை நாத்தனார் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் விளக்கு மங்கல், இடம் குறுகல், ஆளுக்கொரு மூலையில் திரும்பி நின்று துணி மாற்றுகிறவர்கள். இத்தனை வருஷத்தில் அவள் அண்ணியின் இடது விலாவை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. மாலை வெயில் தார்ப்பாயின் ஓட்டை வழியாக அங்கே விழுந்தது. கை அகலத்துக்கு வெள்ளி இல்லாத தோல். அதைச் சுற்றி மட்டும் ஏழெட்டுத் தடங்கள், தண்ணீர் பாறையைச் சுற்றிப் போன மாதிரி.

நாத்தனார் சோப்பைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். தன் ரவிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கித் தன்னுடையதைக் காட்டினாள். அதே இடது பக்கம், அதே விலா. ஒரு எலுமிச்சை இலை அளவு.

"உனக்கும் அங்கதானா அண்ணி?"

"எங்க?"

"நடிக்காத."

"வயசாச்சுடி. எனக்கு வர்ற புழுவுக்கெல்லாம் பல்லு இல்ல."

நாத்தனார் சிரிக்கவில்லை. "எனக்கு ஏன்னு எனக்குத் தெரியும். வரேன்னாரு, நான் பாத்திரத்தத் தேச்சிக்கிட்டு நின்னேன். மனசுல அந்தக் கோவத்தோடவே போயிட்டாரோன்னு பதினோரு வருஷமா இங்க கெடக்கு. உனக்கு எதுக்கு?"

ஒட்டுக்காரி குழாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?"

அன்று அந்தத் தேதி இல்லை. அந்தத் தேதிக்கு இன்னும் மூன்று மாசம் இருந்தது. தேதி வந்தால் ஒட்டுக்காரி காலையிலேயே பதிலை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். அன்று அவளிடம் பதில் தயாராக இல்லை. தேடினாள், வாயில் அகப்பட்டது உண்மைதான்.

"எடது பக்கம் பிடிக்குது, கொஞ்சம் உக்காரட்டான்னாரு."

நாத்தனார் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொட்டியில் முதுகு சாய்ந்தது. அவள் அண்ணன் சாய்ந்த அதே பக்கம், அது அவளுக்குத் தெரியும், தினமும் அங்கேதான் கால் கழுவினாள்.

"கோவமா சொன்னாரா?"

"இல்ல. களைச்சுப் போய்ச் சொன்னாரு."

"என் பேரு?"

"வரல."

"அப்ப, காலைல நடந்தது அவருக்கு..."

"அது அவருக்கு ஞாபகமே இல்லடி. தோள்ல தட்டு இருக்கிறப்ப யாருக்கு எது ஞாபகம் இருக்கும்?"

நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தோள் குலுங்கும். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவினாள். துண்டைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே, வேறு எதையோ கேட்கிற மாதிரி, நிமிர்ந்து கேட்டாள்:

"நீ என்ன சொன்ன?"

வெளியே விசில் ஊதினான். ஒட்டுக்காரி சேலையை இழுத்து விலாவை மூடினாள். "வண்டி நிக்குது, வா," என்றாள். சொன்ன பிறகு தன் வாயிலிருந்து வந்தது அவள் காதிலேயே விழுந்தது. நாத்தனாருக்கு அது வெறும் வண்டிதான். எழுந்து பின்னால் வந்தாள்.

அடுத்த வாரம் நாத்தனாரின் இடுப்பில் ஒரு முட்டை பொரிந்தது. அந்தப் புழு விலாவுக்கு நேராக வந்தது, நிற்கவில்லை, எலுமிச்சை இலை அளவு இடத்துக்குள் நுழைந்து ஒன்பது நாளில் மூலை முடுக்கு விடாமல் தின்று முடித்தது. அங்கே போட்ட தடத்தின் அகலத்தைப் பார்த்து, வேறெங்கும் இவ்வளவு பெரிய புழுவைக் கண்டதில்லை என்றார்கள். அதிலிருந்து வந்த பூச்சி மட்டும் அரிசி அளவு முழுசாக இருந்தது. ஒட்டுக்காரிக்கும் அதே மாசம் ஒன்று வந்தது. சுற்றிப்போகவில்லை. கை அகலத்துக்குள் இறங்கியது, தின்றது, நடுவில் வந்ததும் நின்றது. ஒரு பகல் முழுக்க அங்கேயே நின்றது. பிறகு வந்த வழியே ஒட்டித் திரும்பிப் போய்விட்டது. பாதி வெள்ளி, பாதி தோல். நடுவில் இலை நரம்பு மாதிரி நேரான ஒரு கோடு.

நாத்தனார் அதையும் பார்த்தாள். கேட்கவில்லை. பண்ணையின் வழக்கத்துக்கு அவளும் திரும்பிவிட்டாள்.

புழு வந்து இப்போது பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. முதலாளி மாறிவிட்டார். விசிலின் ஊதலை அவன் மருமகன் ஊதுகிறான். பண்ணையில் வேலை செய்கிறவர்களை ஊரில் தூரத்திலிருந்தே தெரியும். வெயிலில் கை வீசி நடந்தால் மினுங்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முன்னெல்லாம் ஒதுங்கி உட்கார்ந்தார்கள், இப்போது தோளைக் காட்டிக்கொண்டு நெருங்கி உட்காருகிறார்கள். வீடுகளில் கொடித்துணியை உதறுவதற்கு முன்னால் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒட்டுக்காரிக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஆனால் விரல் நன்றாக மடங்குகிறது. ஈரத்துணியை இன்னமும் மணிக்கட்டில்தான் கட்டுகிறாள்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தேதி வருகிறது. மதியம் பத்து நிமிஷம் விடுகிறார்கள். நாத்தனார் தன் டம்ளர் தண்ணீரை மேசைக்குக் குறுக்கே அண்ணி பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒட்டுக்காரி தண்ணீரைக் குடிக்கிறாள். டம்ளரைக் கீழே வைக்கிறாள். வாயைத் திறக்கிறாள். ஊதல் சத்தம் வரும் வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு கத்தியை எடுக்கிறார்கள்.

அண்ணன் சொன்ன ஐந்து வார்த்தையை அவள் நாத்தனாரிடம் சேர்த்துவிட்டாள். அவள் சொன்ன ஐந்து வார்த்தை, "லாரி நிக்குது, ஏத்திட்டு வந்து உக்காரு" என்பது, இன்னும் பாக்கி.